பழைய மென்பொருளை மாற்றுவது எப்படி: ஒரே இரவிலா, கடையில் வாங்கியா, பகுதி பகுதியாகவா?

மதுரையில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சி சென்ற மாதம் மூன்று கொட்டேஷன்களை என் முன்னால் வைத்தார். அவர் கடையில் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய நிரல் மொழியில் எழுதிய மென்பொருள் இருபது வருடங்களுக்கு மேலாக ஓடுகிறது. பில், சரக்கிருப்பு, காலாவதியான மருந்துகளைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பும் கணக்கு, நான்கு கிளைகளின் வரவு செலவு என எல்லாமே அதற்குள்தான் இருக்கிறது. எழுதியவர் வயதாகி ஒதுங்கிவிட்டார். ஃபாக்ஸ்புரோவுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியோடு முழுவதுமாக நிறுத்திவிட்டது. மாற்றியாக வேண்டும், எப்படி மாற்றுவது என்பதுதான் கேள்வி.

முதல் கொட்டேஷன், எல்லாவற்றையும் புதிதாக எழுதி, ஏப்ரல் 1ஆம் தேதி காலையில் பழையதை நிறுத்திப் புதியதை ஓட்டுவது. இரண்டாவது, சந்தையில் கிடைக்கும் பெரிய மென்பொருள் தொகுப்பு ஒன்றை வாங்கி, கடையின் வழக்கத்துக்குத் தக்கபடி திருத்தித் தருவது. மூன்றாவது, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பகுதியாக எடுத்து மாற்றுவது. இந்த மூன்றாவதில் மொத்தத் தொகையே இல்லை. முதல் பகுதிக்கு மட்டும் விலை போட்டிருந்தார்கள். “இவர்களுக்கே கணக்குத் தெரியவில்லை போலிருக்கிறது” என்று அண்ணாச்சி அதைத் தள்ளி வைத்திருந்தார். நான் அதைத்தான் முதலில் கையில் எடுத்தேன்.

மென்பொருள் திட்டங்கள் கெட்டுப்போவதை இருபது வருடங்களாகப் பார்த்துவருகிறேன். சிலவற்றில் நானும் இருந்திருக்கிறேன். நிரல் எழுதத் தெரியாததால் கெட்டவை மிகக் குறைவு. பயன்படுத்துகிறவரின் வேலையைத் தவறாகப் புரிந்துகொண்டு, அந்தத் தவறு பணமெல்லாம் செலவான பிறகு வெளிப்பட்டதால் கெட்டவையே அதிகம். தவறான புரிதல் எந்தத் திட்டத்திலும் இருக்கும், தவிர்க்க முடியாது. அதனால் இந்த மூன்று வழிகளையும் நான் ஒரே கோலால் அளக்கிறேன்: நாம் தப்பாகப் புரிந்துகொண்டது எந்த நாளில், எவ்வளவு பணம் போன பிறகு, யார் வயிற்றில் அடித்த பிறகு நமக்குத் தெரியவரும்?

ஒரே இரவில் மாற்றுவது

பதினைந்து வருடங்களுக்கு முன் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் சம்பள மென்பொருளை மாற்றும் குழுவில் இருந்தேன். தேவைகளைக் கேட்டு எழுத ஆறு வாரம், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஆவணம், பத்து மாத நிரல் வேலை, பிறகு ஒரு மாதத்தின் முதல் தேதியில் மாற்றம். ஆவணத்தில் இருந்த ஒவ்வொரு வரியையும் செய்து முடித்திருந்தோம். முதல் சம்பள நாளன்று, மாதக் கடைசியில் மூன்றாவது ஷிப்டுக்கு மாறி வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் கூலி குறைந்திருந்தது.

சம்பளப் பிரிவில் இருந்த அக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். அட்டை கிழிந்து பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மாதக் கடைசிக்கும் ஒரு பக்கம். இடது ஓரத்தில் டோக்கன் எண்கள், எதிரே சிவப்பு மையில் கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று. நள்ளிரவு ஒரு மணிக்குத் தொடங்கும் ஷிப்டு நாள்காட்டிப்படி அடுத்த தேதியில் வருகிறது. ஆலையின் கணக்கிலோ அது முந்தைய நாளின் மூன்றாவது ஷிப்டு. 31ஆம் தேதி இரவு வேலைக்கு வருகிறவர் வாசலில் கார்டைத் தட்டும்போது ஒன்றாம் தேதி பிறந்திருக்கும். பழைய மென்பொருளுக்கு இந்த வழக்கம் தெரியாது. மாதாமாதம் அவர்தான் கையால் கூட்டிக் கழித்து, எட்டு வருடங்களாக அதைச் சரிக்கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

“இதை எங்களிடம் சொல்லியிருக்கலாமே அக்கா” என்றேன்.

“நீங்கள் மேனேஜரிடம்தானே கேட்டீர்கள் தம்பி” என்றார்.

அந்த ஆலையில் வேலை பார்த்த பெண்களுக்கு ஒரு நாள் கூலி என்பது ஒரு வாரத்துப் பால், காய்கறிச் செலவு. சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் அவர்கள் வரிசையில் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் பரிசோதனைகள் எல்லாம் ஆவணத்தை வைத்து நடந்தவை. ஆவணத்தில் இல்லாத ஒன்றை அவை எப்படிக் கண்டுபிடித்திருக்கும்? அக்காவின் பக்கத்தில் ஒரு மாதக் கடைசியில் யாராவது ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் போதும், தெரிந்திருக்கும்.

இதே தவறு மிகப் பெரிய அளவில் நடந்து, பொதுவெளியில் முழுதாகப் பதிவாகியிருப்பது அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யில். அவர்களுடைய வழக்குக் கோப்புகள் 1995ஆம் ஆண்டு வந்த ஒரு பழைய அமைப்பில் இருந்தன. பச்சை எழுத்துத் திரை, சுற்றி வளைத்த வழிமுறை. அதனால் அதிகாரிகள் பலர் காகிதக் கோப்பையே நம்பினார்கள். 2001இல் ‘விர்ச்சுவல் கேஸ் ஃபைல்’ என்ற புதிய மென்பொருளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். தேவைகளின் ஆவணம் 800 பக்கங்களுக்கு மேல் போனது. தகவல் தொழில்நுட்பத் தலைமைப் பொறுப்பில் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தேவைகள் மாறிக்கொண்டே இருந்தன. பழையதை நிறுத்திப் புதியதை ஒரே வீச்சில் ஓட்டுவதே திட்டம். 2003 டிசம்பரில் ஒப்படைக்கப்பட்ட மென்பொருளை எஃப்.பி.ஐ. ஏற்கவில்லை. பிழைப் பட்டியல் நீண்டு நீண்டு 400ஐத் தொட்டது. 2005இல் மொத்தத் திட்டத்தையும் கைவிட்டார்கள். செலவு 17 கோடி டாலர். அதில் பத்தரைக் கோடி, எதற்கும் உதவாமல் போன ஏழு லட்சம் வரி நிரலுக்கு.

இந்த 800 பக்க ஆவணத்தை நான் குறையாகப் பேசவில்லை. எழுதியவர்கள் உழைத்துத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் எழுதி முடித்த நாளுக்கும், ஓர் அதிகாரி உண்மையான வழக்கு ஒன்றை அதில் ஏற்றிப் பார்க்கும் நாளுக்கும் இடையில் இரண்டு வருடம் போனால், இடையில் சேர்ந்த தவறுகள் எல்லாம் ஒன்றாக ஒரே நாளில் வந்து விழும். அதைத் தாங்க எந்தக் குழுவாலும் முடியாது.

வங்கித் துறையில் பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி இருக்கிறது. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய தளத்துக்கு ஏறக்குறைய ஒட்டுமொத்தமாக மாற்றினார்கள். வாடிக்கையாளர் விவரங்கள் ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தன. உண்மையான பயன்பாட்டின் பாரத்தை ஏற்றியதும் தளம் திணறிவிட்டது. 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள். எல்லாம் வழக்க நிலைக்குத் திரும்ப டிசம்பர் ஆனது. தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2022இல் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. முதலில் சில ஆயிரம் வாடிக்கையாளர்களை மட்டும் மாற்றி ஒரு மாதம் பார்த்திருந்தால், இடர்ப்பட்டவர்கள் அந்தச் சில ஆயிரம் பேராகவே இருந்திருப்பார்கள்.

ஒரே நாளில் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லாத இடங்களும் உண்டு. சட்டம் ஒரு தேதியைக் குறித்துவிட்டால் அன்று கடை திறந்தாக வேண்டும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது நாம் எல்லோரும் பார்த்தோம். அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக்கான ஹெல்த்கேர் டாட் கவ் தளத்துக்கும் 2013 அக்டோபர் 1 என்று தேதி விதிக்கப்பட்டிருந்தது. 36 மாநிலங்களின் மக்கள் அந்த ஒரு வாசலில் வந்து நின்றார்கள். முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் ஆறு பேர். விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கே முதலில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று கடைசி நேரத்தில் முடிவு செய்திருந்தார்கள். சும்மா பார்க்க வந்தவரும் பதிவு செய்யும் பகுதியைத் தட்ட, அந்தக் குறுகிய வாசலில் மொத்தக் கூட்டமும் நெரிந்தது. தேதியை மாற்ற முடியாதபோது, செய்ய வேண்டிய வேலையின் அளவைக் குறைப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. அன்று என்ன இல்லாவிட்டாலும் சட்டம் நிறைவேறும் என்று பார்த்து, அவற்றையெல்லாம் பிறகு என்று தள்ளிவைக்கும் துணிவு வேண்டும்.

அந்தத் தளத்தைத் தூக்கி நிறுத்திய விதமும் சொல்லத்தக்கது. அமெரிக்க அரசின் சார்பில் ஜெஃப்ரி சயின்ட்ஸ் பொறுப்பேற்றார். கூகுளில் பெரிய தளங்களைப் பராமரித்த மைக்கி டிக்கர்சன் போன்றவர்கள் வந்தார்கள். ஓர் அறையில் தினமும் கூடினார்கள். கூட்டம் பிரச்சினையைத் தீர்ப்பதற்கு மட்டும், யார்மேல் பழி என்று பேசுவதற்கு இல்லை என்பது முதல் விதி. பதவியில் பெரியவர் பேச வேண்டாம், அந்தப் பிரச்சினையை அதிகம் அறிந்தவர் பேசட்டும் என்பது இரண்டாவது விதி. டிசம்பர் தொடக்கத்தில் தளம் பெரும்பாலானவர்களுக்கு வேலை செய்யும் நிலைக்கு வந்துவிட்டது. இந்த இரண்டாவது விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆலையின் சம்பளப் பிரிவுதான் நினைவுக்கு வருகிறது. அங்கே அதிகம் அறிந்தவர் இழுப்பறையில் நோட்டை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

கடையில் வாங்குவது

டேலியை வாங்கிக் கணக்கெழுதும் வியாபாரி யாரும் கணக்கு மென்பொருளைத் தானே எழுத நினைப்பதில்லை. அது சரியான முடிவு. வரவு, பற்று, ஜிஎஸ்டி படிவம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவை எல்லோருக்கும் ஒரே விதியில் நடக்கின்றன. அந்த விதி மாறும்போது மென்பொருளை மாற்றித் தரும் பொறுப்பை விற்றவர் ஏற்கிறார். இப்படிப்பட்ட வேலைக்கு வாங்குவதே நல்லது. புதிதாக எழுதுவது பணத்தைக் கரைப்பது.

சிக்கல், ‘வாங்கி, நம் வழக்கத்துக்குத் திருத்திக்கொள்வோம்’ என்ற வாக்கியத்தில் ஒளிந்திருக்கிறது. ஜெர்மனியின் லிடில் கடைகள் 2011இல் எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டு தங்கள் சரக்கு மேலாண்மையை மாற்றத் தொடங்கின. அந்த மென்பொருள் சரக்கின் மதிப்பை விற்பனை விலையில் வைத்துக் கணக்கிடும். லிடில் காலங்காலமாகக் கொள்முதல் விலையில் வைத்துக் கணக்கிட்டு வந்தது. வழக்கத்தை மாற்ற லிடில் ஒப்பவில்லை, அதனால் மென்பொருளைத் திருத்தினார்கள். ஒரு திருத்தம் அடுத்த திருத்தத்தைக் கேட்டது. 2018 ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டபோது சுமார் 50 கோடி யூரோ செலவாகியிருந்ததாகச் செய்திகள் வந்தன.

வெளியிலிருந்து பார்க்கும்போது அது ஒரே ஒரு வழக்கம். ஆனால் சரக்கு எந்த விலையில் பதிவாகிறது என்பது அடித்தளம். அடித்தளத்தை வேறு அளவில் போட்டுக் கட்டிய வீட்டை வாங்கிவிட்டு, பிறகு அதை நம் மனையடி சாஸ்திரத்துக்குத் திருப்ப நினைத்தால் சுவர்களையெல்லாம் இடிக்க வேண்டும். ஆகவே வாங்குவதற்கு முன் கடைக்காரர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த வழக்கத்தால் எனக்கு லாபம் வருகிறதா, அல்லது வெறும் பழக்கமா? பழக்கம் என்றால் அதை விட்டுவிட்டு மென்பொருள் சொல்கிறபடி நடக்கலாம். கொஞ்ச நாள் கஷ்டமாக இருக்கும், பிறகு பழகிவிடும். லாபம் அதில்தான் என்றால் அந்தப் பகுதிக்குத் தொகுப்பு மென்பொருளே வேண்டாம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறையும் ஆயத்த மென்பொருள்களைத்தான் எடுத்தது. சுமார் 80,000 ஊழியர்களின் சம்பளம். பத்துக்கும் மேற்பட்ட ஊதிய உடன்பாடுகள், 200க்கும் மேற்பட்ட படிகள், எல்லாம் சேர்ந்து சம்பளத்தைக் கணக்கிடச் சுமார் 24,000 வெவ்வேறு சேர்க்கைகள். இடைக்காலத் தீர்வு என்று சொல்லி ஏறத்தாழ 62 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் தொடங்கினார்கள். 2010 மார்ச்சில் ஒட்டுமொத்தமாக ஓட்டினார்கள். செவிலியர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் சம்பளம் குறைந்தது, கூடியது, சிலருக்கு வரவே இல்லை. 2013இல் விசாரணை ஆணையம் இதை ஆராய்ந்தபோது, சரிசெய்வதற்கும் நடத்துவதற்கும் சேர்த்து மதிப்பிடப்பட்ட செலவு 120 கோடி டாலர். ஆலையில் எங்கள் நோட்டு ஒன்று. அங்கே மருத்துவமனைக்கு மருத்துவமனை எத்தனை நோட்டுகள் இழுப்பறைகளில் இருந்தனவோ!

பகுதி பகுதியாக மாற்றுவது

பனை மரத்தின் மட்டை இடுக்கில் பறவை போட்ட ஆலம் விதை முளைத்து, வேர் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, பனையைச் சுற்றி வளைத்துக்கொள்வதை நம் ஊர்ப்புறங்களில் பார்த்திருப்பீர்கள். பனை நிற்கும்வரை ஆல் அதைப் பிடித்து வளர்கிறது. பனை பட்டுப்போகும் காலத்தில் ஆல் தன் காலில் நிற்கிறது. மார்ட்டின் ஃபவுலர் என்ற மென்பொருள் வல்லுநர் ஆஸ்திரேலியாவில் இப்படி வளரும் அத்தி வகை மரங்களைப் பார்த்து, 2004இல் இந்த முறைக்கு அந்த மரத்தின் பெயரையே வைத்தார். பழைய மென்பொருள் பனை. அதிலிருந்து ஒரு வேலையை மட்டும் பிரித்துப் புதியதில் செய்கிறோம். மீதியெல்லாம் பழையதில் நடக்கிறது. அது சரியாக நின்றதும் அடுத்த வேலை.

எஃப்.பி.ஐ. தன் இரண்டாவது முயற்சியில் இதன் ஒரு பகுதியைக் கற்றுக்கொண்டது. 2006இல் ‘சென்டினல்’ என்ற புதிய திட்டத்தை லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். இந்த முறை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். அப்படியும் இழுத்தது. 2010இல் பார்த்தால், திட்டத்துக்கு ஒதுக்கிய 45 கோடியே 10 லட்சம் டாலரில் சுமார் 40 கோடியே 50 லட்சம் தீர்ந்திருந்தது. நான்கில் இரண்டு கட்டங்கள்தான் வந்திருந்தன. முடிக்க இன்னும் ஆறு வருடமும் குறைந்தது 35 கோடி டாலரும் ஆகும் என்று வெளியார் மதிப்பீடு ஒன்று சொன்னது. கட்டங்களாகப் பிரித்தால் மட்டும் போதாது என்பதை இது காட்டுகிறது. ஒரு கட்டமே ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்றால் அதுவும் ஒரு சிறிய ‘ஒரே இரவு’தான்.

அப்போது எஃப்.பி.ஐ. எடுத்த முடிவு எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஒப்பந்தப் பணியாளர்களைச் சுமார் 220லிருந்து 40ஆகக் குறைத்தது. 1960களில் ஐ.பி.எம்.மில் ஓ.எஸ்./360 என்ற இயக்கு மென்பொருளின் உருவாக்கத்தை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ், தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று தன் அனுபவத்திலிருந்து சொன்னார். வருகிற ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே இருப்பவர் உட்கார்ந்து விளக்க வேண்டும், பேச வேண்டிய ஆட்கள் பெருகிக்கொண்டே போவார்கள். அதைத் தெரிந்தும் தாமதமானால் ஆள் சேர்க்கும் நிறுவனங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியவற்றை 670 சிறு தேவைகளாகப் பிரித்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, செய்ததை ஓட்டிக் காட்ட வேண்டும். சொன்ன தேதியில் இதுவும் முடியவில்லை. 2011 அக்டோபரில் 743 பேரை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தபோது அமைப்பு இரண்டு முறை நின்றுவிட்டது. கணினிகளின் திறன் போதவில்லை என்று தெரிந்தது, மாற்றினார்கள். 2012 ஜூலை 1 அன்று எஃப்.பி.ஐ. முழுவதற்கும் சென்டினல் வந்தது. அந்த 743 பேர் பார்த்த தடங்கலை டி.எஸ்.பி.யில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள்.

இந்த முறைக்கும் விலை உண்டு. பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் ஓடும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் எழுத வேண்டும். இங்கே மாறியது அங்கே போக வேண்டும், அங்கே மாறியது இங்கே வர வேண்டும். கடைசியில் தூக்கி எறியப்போகும் அந்தப் பாலத்துக்கு நல்ல நிரலாளரின் நேரம் நிறையப் போகும். ஊழியர்கள் சில மாதம் இரண்டு இடத்தில் பதிய வேண்டியிருக்கும். அவர்களுக்கு அது உண்மையான சுமை. கூடுதல் ஆளோ கூடுதல் சம்பளமோ தராமல் அதை ஏற்றுவது அநியாயம். இன்னோர் ஆபத்து, பாதியில் முதலாளிக்குச் சலிப்பு வந்துவிடுவது. மூன்று பகுதி மாறிய பிறகு ‘இது போதும்’ என்று நிறுத்திவிட்டால், பனையும் ஆலும் பின்னிக்கொண்டு நிற்கும் நிலையிலேயே பத்து வருடம் போகும். பழையதைப் பராமரிக்கும் செலவும் குறையாது.

ஆலையில் நாங்களும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்ந்தோம். பழைய மென்பொருளை மறுபடி ஓட்டி, அக்காவின் நோட்டையும் வைத்து, குறைந்த கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்தோம். பிறகு நூலைச் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டோம், அதில்தான் ஆட்கள் குறைவு. இரண்டு மாதம் அந்தப் பிரிவுக்கு இரண்டு மென்பொருளிலும் சம்பளம் போட்டு, அக்காவும் நானும் டோக்கன் எண் வாரியாக ஒப்பிட்டோம். ஒத்துப்போகாத ஒவ்வொரு வரிக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணங்களைத்தான் பிறகு நிரலாக எழுதினோம். மூன்றாவது மாதத்திலிருந்து அவர் அந்தப் பிரிவுக்கு நோட்டு எழுதுவதை நிறுத்திவிட்டார். அப்போதுதான் ஸ்பின்னிங் பிரிவைத் தொட்டோம்.

பழையதை அப்படியே வைத்துக்கொள்வது என்ற நான்காவது வழியும் இருக்கிறது. விதிகள் மாறாத வேலை, பழுது பார்க்கத் தெரிந்த ஆள், ஒழுங்கான காப்பு நகல் மூன்றும் இருந்தால் அதில் ஒரு குறையும் இல்லை. அண்ணாச்சிக்கு இரண்டாவது இல்லை.

அண்ணாச்சியின் மேசையில்

மூன்று கொட்டேஷன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான் அளக்கும் கோலை அவரிடம் சொன்னேன். முதல் கொட்டேஷனில் தவறு தெரியவருவது ஏப்ரல் முதல் தேதி, முக்கால்வாசிப் பணம் கொடுத்த பிறகு, நான்கு கிளைகளிலும் ஒரே நேரத்தில். அதில் மொத்தத் தொகை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதியிருந்ததுதான் அவருக்குத் தெம்பாக இருந்தது. ஆனால் தேவைகள் மாறினால் தனிக் கட்டணம் என்று ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. தேவைகள் மாறாத திட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை என்பதால், அந்த மொத்தத் தொகையை நம்ப வேண்டாம் என்றேன்.

இரண்டாவதை முழுதாகத் தள்ளவில்லை. கணக்கு வழக்கும் ஜிஎஸ்டியும் எந்தக் கடைக்கும் பொதுவானவை. அந்த இரண்டுக்கும் ஆயத்த மென்பொருளைத் திருத்தம் இல்லாமல் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். திருத்தம் என்று விற்பவர் சொன்ன பதினோரு இனங்களை ஒவ்வொன்றாகக் கேட்டபோது, ஒன்பது வெறும் பழக்கம் என்று அண்ணாச்சியே ஒப்புக்கொண்டார். பில்லில் பார்ட்டி பெயர் எந்த மூலையில் வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. மீதி இரண்டும் காலாவதிச் சரக்கைப் பற்றியவை. அங்கே அவர் குரல் மாறிவிட்டது. எந்தக் கம்பெனி வெட்டிய மாத்திரை அட்டையை ஏற்கும், எது முழு அட்டையை மட்டும் ஏற்கும், காலாவதி முடிந்து எத்தனை மாதம் வரை கிரெடிட் நோட் தரும் என்பதில் ஒரு நாள் தவறினாலும் சரக்கு குப்பைக்குப் போகும், பணமும் போகும். சில்லறைக் கடைக்காரர்கள் இவரைத் தேடி வருவதே திரும்பி வந்த மருந்துக்கு ஒழுங்காகக் கணக்குத் தீர்ப்பார் என்றுதான். இந்தக் கடைக்கு லாபம் இருக்கும் இடம் அது. எந்த ஆயத்த மென்பொருளிலும் அது இருக்காது.

அதனால் அதையே முதல் பகுதியாக எடுக்கச் சொன்னேன். மூன்றாவது கொட்டேஷன்காரர்களும் அதைத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். திருமங்கலம் கிளை மட்டும், காலாவதி ரிட்டர்ன் மட்டும், ஆறு வாரம். முதல் வாரம் யாரும் நிரல் எழுதக் கூடாது. எழுதப்போகிறவர் அந்தக் கிளையின் ஸ்டோரில், திரும்பி வந்த அட்டைகளைப் பிரிக்கும் பையனுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

“ஆறு வாரம் கழித்து, சரியாக வந்திருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே” என்றார் அண்ணாச்சி.

ஸ்டோர் பையன் எந்தக் கம்பெனிக்கு எத்தனை மாதம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறானா என்று கேட்டேன். இருக்கிறது, சட்டைப் பையிலேயே வைத்திருப்பான் என்றார்.

“ஆறு வாரம் கழித்தும் அவன் அந்த நோட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டாவது பகுதிக்குப் பணம் கொடுக்காதீர்கள் அண்ணாச்சி. அவனைக் கூப்பிட்டு, எதற்காகத் திறந்தான் என்று கேளுங்கள்.”